தாயார் பெயர் என்ன, ஹாஜி?

நெருங்கி உட்காருங்கள், செல்லங்களே. தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடுகிற கதைதான். எகிப்தில் எங்கள் தன்தா நகரத்தில் முப்பத்தாறு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்ற ஷவ்கியின் கதை.

அவர் மனைவி நஜாத்துக்கு இரண்டு கண்ணிலும் புரை. போன வாரம் மாடிப்படிக் கம்பியில் தொங்கிய யாருடைய கோட்டுக்கோ சலாம் சொல்லிவிட்டு, பதில் வரவில்லையே என்று நாளெல்லாம் கோபித்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை அறுவை. ஷவ்கியின் ஓய்வூதிய மருத்துவ அட்டையில் மனைவிக்கும் பங்கு உண்டு என்று ஒரு சான்றிதழ் வேண்டும். அது இல்லாவிட்டால் அடுத்த தேதி பத்து மாதம் தள்ளி.

ஓய்வூதியக்காரர்களுக்கு விவரம் சொல்லவும் காகிதம் தரவும் திங்கள்தோறும் அரசாங்க வண்டி ஒன்று சதுக்கத்துக்கு வரும். இரண்டு திங்கள் ஷவ்கி ஜன்னல்வரை போய்த் திரும்பியிருந்தார். காரணம், உள்ளே இருக்கும் பெண் கேட்கும் ஒரே கேள்வி: தாயார் பெயர். பெற்றவளின் பெயரை நாலுபேர் காதில் போடுவது எங்கள் ஆண்களுக்கு வழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர் வெளியே வந்தால் ஓட்டித் தள்ளிவிடுவார்கள். அந்தப் பயம் எழுபது வயதிலும் இறங்குவதில்லை.

அறுவைக்கு முன்னால் இது கடைசித் திங்கள். ஷவ்கி நஜாத்தைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். பின்னாலேயே வந்து நின்றான் ஜாபிர், பள்ளிக்கூடத்திலிருந்து காப்பிக்கடைவரை கூடவே வரும் கூட்டாளி. அவனுக்கும் நெஞ்சுவலி மாத்திரைக்குச் சீட்டு வேண்டும்.

“அட்டை நம்பர் சரியா இருக்கு. தாயார் பேர் என்ன, ஹாஜி?”

ஷவ்கி குனிந்து கிசுகிசுத்தார். “எழுதித் தரட்டுமாம்மா?”

“தாங்க. ஆனா சத்தமா படிச்சுத்தான் சரிபார்ப்பேன். எது வசதி உங்களுக்கு?”

“சொல்லிடுடா,” என்றான் ஜாபிர். “அறுபது வருஷமா காத்துக்கிட்டிருக்கேன். காது குளிரக் கேட்டுட்டுப் போறேன்.”

வரிசை சிரித்தது. ஷவ்கி ஒரு காலைப் பின்னுக்கு வைத்தார். அப்போது நஜாத் ஜாபிரின் பக்கம் திரும்பி, மகன் பெயரைச் சொல்லிக் கணவரைக் கூப்பிடும் வழக்கப்படி, கனிவாகக் கேட்டாள்: “முடிஞ்சுதா, ஹானி அப்பா? ஏன் மூச்சு வாங்குது உங்களுக்கு? உக்காந்துக்கிறீங்களா?”

ஜாபிரின் சிரிப்பு பாதியில் நின்றது. ஷவ்கி மனைவியின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். பிறகு, ரயிலில் நிலையத்தின் பெயரைக் கூவுகிற அதே குரலில் சொன்னார்:

“பம்பா. கோழி வித்து அஞ்சு பேரைப் படிக்க வெச்சவ. எழுதிக்கோம்மா, பம்பா.”

யாரும் சிரிக்கவில்லை. உள்ளே இயந்திரம் கரகரத்துச் சான்றிதழைத் துப்பியது.

“அடுத்தவங்க வாங்க,” என்றாள் பெண். ஜாபிரின் காது சிவந்தது.

“நான் அடுத்த வாரம் வரேன். வீட்ல அடுப்புல பாலு…”

ஷவ்கி அவன் சட்டைக்கையைப் பிடித்தார். “நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு எங்கடா ஓடுற? நில்லு.” வரிசையைப் பார்த்தார். “எல்லாரும் காதைப் பொத்துங்கப்பா. டிக்கெட் இல்லாதவனும் பொத்தணும்.”

பதினெட்டு கிழவர்கள் காதைப் பொத்தினார்கள். தேநீர் விற்பவன் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பொத்தினான். நஜாத்தும் முக்காட்டை இழுத்து அழுத்திக்கொண்டாள். ஜாபிரின் உதடு அசைந்தது. அந்தப் பெயர் இன்றுவரை வண்டிக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை கட்டுப் பிரித்ததும் நஜாத் தன் கணவரை வெகுநேரம் பார்த்தாள். “எப்ப இவ்ளோ கெழவனானீங்க?” என்றாள்.

“நீ பாக்காத நேரத்துல.”

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கண் தெளிந்திருக்கட்டும், செல்லங்களே. அவர்கள் போய் நிற்கிற வரிசையெல்லாம் குட்டையாக இருக்கட்டும். உங்களைப் பெற்றவள் பெயர் உங்கள் வாயில் இனிக்கட்டும்.