பார்னி வாசலில் குனிந்தான்

சிட்னியிலிருந்து ரயிலில் ஒரு பகல் முழுதும், பிறகு குதிரை வண்டியில் அரை நாள். குனம்பாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் எல்லோர் பல்லிலும் புழுதி கரகரத்தது. 1920, பிப்ரவரி. மூன்றாவது வருஷமாக அங்கே மழை இல்லை. ஒரு சிரிப்புப் படம் எடுக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது என்று டைரக்டர் ஹெஸ்கத் சாதித்துவிட்டார்.

கதை ஒன்றும் பெரிதில்லை. காட்டு நிலத்தைத் திருத்தி விவசாயம் செய்ய வந்த ஒரு குடும்பம். அப்பா தொட்டதெல்லாம் உடையும், பன்றி தப்பி ஓடும், பாதிரியார் சாப்பிட வரும் நாளில் கூரை விழும். அந்த அப்பா, பார்னி க்வில்லன். அம்மா நான், அடேலா ட்ரெம்பத். பத்து வருஷமாக மேடையில் புருஷன் பெண்டாட்டியாகச் சண்டை போட்டே பிழைத்தவர்கள் நாங்கள். பார்னி ஐந்தடி இரண்டு அங்குலம், உருண்டையான ஆள். அதுவரை சிட்னியை விட்டு நாற்பது மைல் தள்ளிப் போனதில்லை.

படத்துக்காகப் பிடித்திருந்தது ஆளில்லாமல் கிடந்த ஒரு பண்ணை வீடு. பலகைச் சுவர், தகரக் கூரை, இரண்டு அறை. மேஜை மேல் கிண்ணங்கள் அப்படியே இருந்தன. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு நீளமான கறுப்புக் கோட்டு தொங்கியது. எங்கள் உடுப்புப் பெட்டி வேறு ஏதோ ஸ்டேஷனில் இறங்கிவிட்டது. பார்னி அந்தக் கோட்டை எடுத்து உதறி மாட்டிக்கொண்டான். கை விரல்கள் உள்ளேயே மறைந்துபோயின. ஓரம் தரையைக் கூட்டியது.

"யாரோடதுடா அது?" என்றேன்.

"எவனோ நெட்டையன். பாரு, என்னை மாதிரி ரெண்டு பேர் உள்ள இருக்கலாம்."

ஹெஸ்கத் பார்த்துவிட்டுக் கைதட்டினார். "கழட்டாத. படம் முடியற வரைக்கும் இதுதான் உனக்கு."

முதல் ஷாட்டில், அப்பா கொட்டாவி விட்டபடி வீட்டுக்குள்ளிருந்து வெளியே வர வேண்டும். அவ்வளவுதான். கேமராமேன் லிட்கார்ட் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினார். பார்னி வந்தான். வாசலைத் தாண்டும்போது தலையைத் தாழ்த்தி, முதுகை வளைத்துக் குனிந்து வெளியே வந்தான். வாசல் நிலை அவன் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் இருந்தது.

லிட்கார்ட் சிரித்த சிரிப்பில் கேமரா ஆடியது. குள்ளன் ஒருவன் நிலை இடித்துவிடும் என்று குனிகிறான்! ஹெஸ்கத்துக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "அற்புதம்டா பார்னி! ஒவ்வொரு தடவையும் இதையே பண்ணு."

"எதை?" என்றான் பார்னி.

"குனிஞ்சியே, அதை."

"நானா? எங்க குனிஞ்சேன்?"

விளையாடுகிறான் என்றுதான் நினைத்தோம். மேடையிலும் அப்படித்தான், ஒரு நல்ல வேடிக்கையைச் செய்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல முழிப்பான். ஆனால் அன்று மாலை, கேமராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய பிறகு, இரண்டு கையிலும் தேநீர்க் குவளைகளோடு வெளியே வந்தபோதும் குனிந்தான். மறுநாள் காலை கூடாரத்திலிருந்து எழுந்து போய், வீட்டுக்குள் நுழையும்போதும் குனிந்தான். கோட்டு போட்டிருக்கவில்லை. அவனைப் பார்க்க அங்கே நான் ஒருத்திதான் இருந்தேன்.

"யாருக்காகடா நடிக்கிற?" என்று கேட்டேன்.

"என்ன உளர்ற? அடுப்புப் பத்த வைக்கப் போறேன்."

மூன்றாம் நாள் பக்கத்துப் பண்ணையிலிருந்து நெட்டி கார்மடி என்ற அம்மாள் எங்களுக்கு முட்டை கொண்டுவந்தாள். ஐம்பது வயது, வெயிலில் காய்ந்த முகம், ஓயாத வாய். படம் எடுப்பதைப் பார்க்க வேலியோரம் என் பக்கத்தில் வந்து நின்றாள். பாதிரியார் வேஷக்காரர் கோழியின் மேல் உட்கார்ந்த காட்சிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்து பார்னி வெளியே வர வேண்டும். வந்தான், குனிந்து. வந்தவன் வலது தோளை லேசாகத் தூக்கி, கண்மேல் கைவைத்து வானத்தைப் பார்த்தான். எல்லோரும் சிரித்தார்கள். நெட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏம்மா, அந்த ஆளுக்கு லாலரைத் தெரியுமா?"

"யாரு லாலர்?"

"இந்த வீட்டுக்காரன். மார்ட்டின் லாலர். ஆறடி மூணு அங்குலம். இந்த வாசல் நிலையில இடிச்சு இடிச்சு அவன் நெத்தியே தழும்பாயிடுச்சு. அப்புறம் இப்படித்தான் வருவான். இப்படியேதான் தோளைத் தூக்கிக்கிட்டு மழை வருதான்னு பார்ப்பான்."

பார்னி இந்தப் பக்கத்துக்கே வந்ததில்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. பிறகு, வாயை அடக்க முடியாமல், மிச்சத்தையும் சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன் தண்ணீர் வற்றியபோது லாலர் தன் மனைவி ஹன்னாவையும் மூன்று பிள்ளைகளையும் டுவூம்பாவில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறான். ஒரு மாதத்தில் வருகிறேன் என்றானாம். வரவில்லை, கடிதமும் இல்லை. அதே வாரம் ஊர் ஹோட்டலில் மது ஊற்றிக் கொடுத்த பெண் ஒருத்தி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள். ஊருக்கு அது போதுமானதாக இருந்தது.

"ரெண்டு பேரும் வடக்க போயிட்டாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க," என்றாள் நெட்டி. "நானுந்தான் சொன்னேன்."

அன்று சாப்பாட்டு வேளையில் பார்னியைத் தனியே கூப்பிட்டேன். "அந்தக் கோட்டைக் கழட்டிடுடா. எனக்குப் பிடிக்கல."

"ரெண்டு ரீல் எடுத்தாச்சு அடேலா. நடுவுல கோட்டு காணாமப் போனா ஜனங்க சிரிப்பாங்க."

"சிரிக்கத்தானே எடுக்கிறோம்?"

அவன் பதிலுக்குச் சிரிக்கவில்லை. ஆட்டிறைச்சியைத் தொடாமல், திறந்த வாசல் வழியாகத் தெற்கே கிடந்த வெற்று நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்தாம் நாள் பன்றிக் காட்சி. உச்சி வெயில். நிழல் எல்லாம் காலுக்கடியில் சுருண்டுவிட்டது. காற்று துளியும் இல்லை. முற்றத்தில் கோழிகளை விட்டு, இடப்பக்கம் பட்டியிலிருந்து பன்றியைத் திறந்துவிடுவது என்று ஏற்பாடு. பன்றி முற்றத்தைச் சுற்றி ஓட வேண்டும், பார்னி விரட்டி விழ வேண்டும், நான் துடைப்பத்தோடு வந்து பன்றிக்குப் பதில் அவனை அடிக்க வேண்டும்.

பன்றி ஓடியது. பார்னி விரட்டினான், ஒருமுறை விழுந்து எழுந்தான். நான் துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தேன். நான் பக்கத்தில் போவதற்குள் அவன் திரும்பி வேலிக் கதவைத் தாண்டி நடந்தான்.

"பிரமாதம்! அடேலா, பின்னாடியே போ!" என்று கத்தினார் ஹெஸ்கத். "லிட்கார்ட், நிறுத்தாத!"

நான் அவனைத் திட்டிக்கொண்டே பின்னால் போனேன். பேசாத படம்தானே, என்ன வேண்டுமானாலும் திட்டலாம். "டேய் தடியா, பன்னி அந்தப் பக்கம்டா!" அவன் திரும்பவில்லை. வேலியைத் தாண்டிய பிறகுதான் அவன் நடையைக் கவனித்தேன். பார்னிக்குக் குட்டைக் கால். தத்தித் தத்தி நடப்பான். இப்போது நீள நீளமாக எட்டு வைத்து, கைகளை வீசாமல், தன் நிலத்தில் நடக்கும் ஒருவன் போலப் போனான். என்னால் ஓடித்தான் ஈடுகொடுக்க முடிந்தது. பின்னால் சிரிப்புச் சத்தம் மெதுவாக அடங்கியது.

அரை மைல் போயிருப்போம். காய்ந்த ஓடைக்கு மேலே, நான்கு யூகலிப்டஸ் மரங்கள் பட்டுப்போய் நின்ற இடத்தில் நின்றான். தரை கொஞ்சம் குழிந்திருந்தது. புழுதிக்குள் தகரத்தின் ஒரு முனை தெரிந்தது. அவன் மண்டியிட்டு, கோட்டுக் கைகளோடு சேர்த்து மண்ணை அள்ளத் தொடங்கினான்.

"பார்னி!"

நிமிர்ந்து பார்த்தான். என்னை அடையாளம் தெரிய அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"பன்னி எங்க?" என்றான்.

"பன்னி வீட்டுல இருக்குடா."

"இல்லையே, நான் அது பின்னாடிதானே வந்தேன்." தன் கைகளைப் பார்த்தான். விரல் நுனிகளில் ரத்தம். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, பத்து வருஷத்தில் முதல்முறையாக, அழுதான்.

ஹெஸ்கத்தும் மற்றவர்களும் ஓடி வந்தார்கள். தகரத்தை இழுத்தபோது அடியில் மண் சரிந்து உள்ளே விழுந்தது. அது ஒரு கிணறு, பாதி தோண்டியது. அறுந்த கயிற்றின் நுனி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. ஹெஸ்கத் வண்டி கட்டி ஊருக்கு ஆள் அனுப்பினார்.

போலீஸ் சார்ஜென்ட் நான்கு ஆட்களோடு வந்து மறுநாள் மதியம் வரை தோண்டினார். இருபத்திரண்டு அடியில் லாலர் இருந்தான். தனியாகத் தோண்டியிருக்கிறான், பக்கம் சரிந்து, ஓரத்தில் நிறுத்தியிருந்த தகரமும் மேலே விழுந்து மூடியிருக்கிறது. மண்வெட்டி கையருகே இருந்தது. சட்டைப் பையில் தகர டப்பா, அதற்குள் ஹன்னாவுக்கு எழுதத் தொடங்கிய கடிதம். ஈரமான மண் கிடைத்திருக்கிறது, இன்னும் இரண்டு நாளில் தண்ணீர் வரும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா என்று நாலு வரி.

ஹன்னா லாலர் ரயிலில் வந்தாள். நாற்பதுகூட ஆகாத பெண், முழுக்க நரைத்திருந்தாள். அடக்கத்தின்போது முழு ஊரும் தொப்பியைக் கழற்றி நின்றது. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நெட்டி கார்மடி மட்டும் முன்னால் போய், "ஹன்னா, நான் பேசினதுக்கெல்லாம்..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும் நெட்டி," என்றாள் ஹன்னா. "நானுந்தான் அப்படி நினைச்சேன். மூணு வருஷம் தினமும் அவரைத் திட்டிட்டுத்தான் படுத்தேன்."

பிறகு பார்னியிடம் வந்தாள். அவன் கோட்டை மடித்துக் கையில் வைத்திருந்தான். அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அவர் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

ஒரு நல்ல வார்த்தையைப் பார்னி இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கலாம். வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்தவன். "இல்லம்மா. ஒண்ணும் சொல்லல. ராவும் பகலும் தாகமா இருந்துச்சு, அவ்வளவுதான். எவ்வளவு குடிச்சும் தீரல. அன்னிக்கு அவரை மேல எடுத்தாங்களே, அப்பதான் நின்னுது."

அவள் தலையாட்டினாள். கோட்டோடு வண்டியில் ஏறினாள்.

எங்களுக்கு இன்னும் நான்கு நாள் வேலை பாக்கி இருந்தது. முடித்தோம். பார்னி வெறும் சட்டையோடு நடித்தான். நிலையைப் பார்க்காமலேயே நிமிர்ந்து வந்தான், போனான். சொன்ன இடத்தில் விழுந்தான். ஒரு தடவைகூட யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

சிட்னியில் ரீல்களைக் கழுவிய பிறகு லிட்கார்ட் என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். இருட்டறையில் அந்தப் பன்றிக் காட்சியைப் போட்டுக் காட்டினார்.

"கோழியைப் பாருங்க," என்றார்.

கோழிகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. திடீரென்று எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கித் தெற்கே பார்த்தன. ஓடிக்கொண்டிருந்த பன்றி நின்று, அதுவும் தெற்கே பார்த்தது. அதற்கு அப்புறம்தான் பார்னி திரும்பினான், யாரோ கூப்பிட்டால் திரும்புவது போல. துடைப்பத்தோடு நான் மட்டும் ஒன்றும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கு ஏதாவது கேட்டுச்சா?" என்றார் லிட்கார்ட்.

"இல்ல. உங்களுக்கு?"

"கைப்பிடி சுத்துற சத்தத்துல எனக்கு என்ன கேக்கும்?"

ஹெஸ்கத் அந்தத் துண்டை வெட்டிவிட்டார். மற்றதெல்லாம் படத்தில் இருந்தது. ஜனங்கள் எட்டு வாரம் வந்தார்கள். பார்னி ஒரு நாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் படம் டுவூம்பாவுக்குப் போனது. ஹன்னா எனக்குக் கடிதம் எழுதியிருந்தாள். பிள்ளைகளைக் கூட்டிப் போனாளாம். அது எந்த வீடு என்று அவர்களிடம் சொல்லவில்லையாம். சின்னவர்கள் இருவரும் நாற்காலியில் உட்கார மாட்டாமல் சிரித்தார்களாம். அவர்கள் அப்படிச் சிரித்துப் பார்த்ததே இல்லை என்று எழுதியிருந்தாள். மூத்தவளுக்குப் பதினொரு வயது. அவள் மட்டும், பார்னி குனிந்து வெளியே வந்தபோது எழுந்து திரைக்குக் கிட்டே போய் நின்றாளாம்.

கடிதத்தைப் பார்னியிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தான். "பதில் எழுதப் போறேன். நீயும் ரெண்டு வரி எழுது," என்று பேனாவை நீட்டினேன். வாங்கிக் காகிதத்தின் மேல் பிடித்துக்கொண்டிருந்தான். மை காய்ந்துபோனது.

"நீயே எழுது அடேலா," என்றான். "அந்தப் பொண்ணு பேரு என்னன்னு மட்டும் கேளு."