ஆறில் இரண்டு

...ஆறு குஷன் உறையும் ஒரே நிறம்தானே, பிறகு எப்படி வாங்கியவள் அனுப்பிய இந்தப் படத்தில் மட்டும் நான்கு சாம்பலாகவும் இரண்டு செம்மண் தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரியும்... அவள் போனை மேசையில் வைத்தாள், மறுபடி எடுத்தாள், இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். தையல் அவளுடையதுதான், ஓரத்தில் இரட்டைத் தையல், ஜிப் முடியும் இடத்தில் அவள் மட்டுமே வைக்கிற குட்டி முக்கோண மடிப்பு, ஆக வேறு யாரோ தைத்த குஷன் உறையைப் படம் பிடித்து ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லவும் வழியில்லை. அந்தச் சாம்பல் துணி எப்போதும் இரண்டு ரோலாகத்தான் வரும், ஒவ்வொரு செட்டிலும் நான்கு உறையைப் பெரிய முதல் ரோலிலும் மீதி இரண்டைச் சின்ன இரண்டாம் ரோலிலும் வெட்டுகிறாள், அது உண்மை. ஆனால் இரண்டுக்கும் ஒரே நிற எண், இரண்டின் வெட்டுத்துண்டுகளும் இதோ ஜன்னல் விளிம்பில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன, எது எந்த ரோல் என்று பின்னால் பென்சிலால் எழுதியதைத் திருப்பிப் பார்த்தால்தான் அவளுக்கே தெரிகிறது. வாங்கியவள் கேட்பதோ முழுப் பணம். உறைகளையும் திருப்பித் தர மாட்டாளாம், பஞ்சு அடைத்து சோபாவில் வைத்தாகிவிட்டதாம். அதற்கு மேல் ஒரு மன்னிப்புக் கடிதம் வேண்டுமாம், அதுவும் அவளுக்கு இல்லை, அவளுடைய அக்காவுக்கு! பொருளும் எனக்கே, பணமும் எனக்கே என்று கேட்டால் இது எந்த ஊர் நியாயம்? ஆறு மணிக்குள் பதில் போகாவிட்டால் விவகாரம் விற்பனைத் தளத்தின் புகார்க் குழுவுக்குப் போய்விடும், அங்கே தோற்றால் இந்த மாதத்தில் மூன்றாவது புகார், ஒன்று பார்சல் தாமதம், ஒன்று ஜிப் சிக்கல், மூன்றாவது வந்துவிட்டால் கடையைத் தொண்ணூறு நாள் மூடிவிடுவார்கள்... தொண்ணூறு நாள் கண்ணில் படாத கடையைத் தொண்ணூற்றொன்றாம் நாள் யார் நினைவு வைத்துக்கொண்டு தேடி வரப்போகிறார்கள்?

சரி, கோபப்படாமல் யோசி, நிறம் எப்படி மாறும்? சலவைத் தூள் போட்டு ஊறவைத்திருந்தால் வெளுக்கும், சிவக்காது. வெயிலில் போட்டிருந்தாலும் வெளுக்கத்தான் வேண்டும், அதுவும் நான்கு நாளில் வெளுக்காது. போன் கேமராவின் வேலையாக இருக்குமோ? கேமரா ஒரு முட்டாள் புத்திசாலி, அறையில் என்ன வெளிச்சம் என்று தானாக ஊகித்துக்கொண்டு எல்லா நிறத்தையும் கொஞ்சம் தள்ளிவிடும், ஆனால் தள்ளினால் ஆறையும் சேர்த்துத்தான் தள்ளும், கும்பலில் இரண்டை மட்டும் பொறுக்கி எடுத்துச் சிவப்பாக்க அதற்குத் தெரியாது. அப்படியென்றால் அந்தப் பெண்ணே படத்தைத் திருத்தியிருக்கிறாள்... இதை நினைத்தவுடன் மனசுக்கு எவ்வளவு சுகமாக இருக்கிறது! எதிராளி பொய்க்காரி என்றால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம். 'படம் திருத்தப்பட்டது' என்று இரண்டு வார்த்தை தட்டிவிட்டு எழுந்து காபி போடப் போகலாம். நிற விஷயத்தில் தன்னிடம் யாரும் வாலாட்ட முடியாது, இந்த நான்கு வருஷத்தில் ஒரு நாள்கூட விளக்கைப் போட்டுக்கொண்டு அவள் துணி வெட்டியதில்லை, வடக்குப் பார்த்த இந்த ஜன்னல், நேர் வெயில் படாத சீரான வெளிச்சம், வெளிச்சம் மங்க ஆரம்பித்தால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவாள். கடைப் பக்கத்தில்கூட எழுதியிருக்கிறாள், 'நிறம் பகல் வெளிச்சத்தில் சரிபார்க்கப்பட்டது' என்று, தடித்த எழுத்தில்... ஆனாலும் இரண்டு. ஏன் சரியாக இரண்டு? திருத்துகிறவள் ஒன்றைத் திருத்தியிருக்கலாம், மூன்றைத் திருத்தியிருக்கலாம். பின் ரோலில் வெட்டியதும் இரண்டு, படத்தில் சிவந்ததும் இரண்டு. செருப்புக்குள் போன மணல் மாதிரி இது உறுத்திக்கொண்டே இருந்தது. உதறாமல் ஓர் அடி வைக்க முடியாது.

வாங்கியவளைப் போனில் அழைத்தாள். இரண்டாவது மணிக்கே எடுத்த அந்தக் குரல் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. பணம் போட்டாச்சா என்றது முதல் கேள்வி. "இல்லைங்க, ஒரு சின்ன உதவி, அந்த ரெண்டு உறையில ஒண்ண உள்பக்கமா திருப்புங்க, ஜிப் ஓரமா பென்சில்ல ஒரு நம்பர் இருக்கும்." "நீங்க என்னை டெஸ்ட் பண்றீங்களா?" "என்னைத்தான் டெஸ்ட் பண்ணிக்கிறேன்." எதையோ இழுக்கிற சத்தம், பஞ்சு சரிகிற சத்தம், யாரையோ அந்தப் பக்கம் நகரச் சொல்லி அதட்டல்... "ரெண்டுன்னு இருக்கு." "இன்னொண்ணுல?" "அதுலயும் ரெண்டு." "மத்த நாலுல ஏதாவது ஒண்ணு பாருங்களேன்." "ஒண்ணு." பென்சிலால் எழுதிய ரோல் எண்ணைப் பற்றித் தெரியாத ஒருத்தி சரியாக அந்த இரண்டையே காட்டுகிறாள் என்றால் அவள் பொய் சொல்லவில்லை, அவள் கண்ணுக்கு அது தெரிகிறது, பிறகு என் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை? கேட்காமலேயே அந்தக் குரல் மீதியைக் கொட்டியது. ஏழு வருஷமாக வாசல்படி மிதிக்காத அக்கா சனிக்கிழமை சாயங்காலம் வந்தாளாம், அக்கா வருகிறாள் என்றுதான் இந்த உறைகளே வாங்கியதாம், வந்தவள் உட்காரக்கூட இல்லையாம், சோபாவைப் பார்த்து, "என்னடி, ரெண்டு மட்டும் பக்கத்து வீட்டுல இரவல் வாங்கினியா?" என்று கேட்டாளாம், கூட வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்களாம். "நான் மலிவா பொறுக்கி வாங்கலன்னு நீங்க எழுதிக் குடுங்க மேடம். நான் சொன்னா அவ நம்ப மாட்டா." போன் அணைந்தது. பணம் என்று ஆரம்பித்த பெண் கடைசியில் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லையே என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. சனிக்கிழமை சாயங்காலம்... சாயங்காலம் என்றால் விளக்கு போட்டிருப்பார்கள்...

ஜன்னல் விளிம்பிலிருந்த இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு உள்ளறைக்கு ஏறக்குறைய ஓடினாள். அது சரக்கு வைக்கிற அறை, ஜன்னல் கிடையாது, கூரையிலிருந்து வயரில் தொங்குகிற ஒரே ஒரு மஞ்சள் குண்டு பல்பு, அதன் கீழே பெட்டிகளுக்கு நடுவில் கால் நீட்டி உட்கார்ந்து பார்சல் கட்டிக்கொண்டிருந்த நாத்தனார், கணவனின் தங்கை, பல்லால் டேப்பைக் கடித்து அறுத்தபடி நிமிர்ந்தாள். ஓடி வந்த வேகத்திலேயே அவள் துண்டுகளைப் பல்புக்கு அடியில் சேர்த்துப் பிடித்தாள். ஒன்று சாம்பல். இன்னொன்று பழுப்புச் சிவப்பு. கையை மாற்றிப் பிடித்தாள், கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள், ஜன்னலுக்கு ஓடினாள், ஒரே நிறம், திரும்பி வந்தாள், இரண்டு நிறம்! கண்கட்டு வித்தைக்காரன் மாதிரி துணி அவளை வைத்து விளையாடியது. "ஏய், இங்க பாரேன், இது ரெண்டும் ஒரே கலரா?" நாத்தனார் துண்டைப் பார்க்கவே இல்லை, அவளைத்தான் பார்த்தாள். "என்ன அண்ணி இது, நாலு ஒரு கலர், ரெண்டு ஒரு கலர். தினம்தான் பார்க்கிறேன்." "தினமுமா?" "ஆமா, டிசைன்னு நினைச்சேன். மேல ரெண்டு, கீழ ரெண்டு, நடுவுல அந்த ரெண்டுன்னு அழகா அடுக்கி வேற கட்டுவேன்." "ஏன்டி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" "யாரு, நானா? போன தடவை நீலம் கொஞ்சம் பச்சையா இருக்குன்னு சொன்னதுக்கு, ஜன்னல்ல பார்த்தாச்சு, நீ டேப்பை ஒட்டுன்னீங்க. அதான் டேப்பை ஒட்டுறேன்."

எவ்வளவு எளிமையான விஷயம், இவ்வளவு நாள் தெரியாமல்... சாம்பல் என்று தனியாக ஒரு சாயம் கிடையாது, நீலம், மஞ்சள், சிவப்பு என்று பலவற்றைக் கலந்துதான் சாம்பலுக்கு வருகிறார்கள், ஒரு நாள் ஒரு கலவை, கையிருப்பு தீர்ந்தால் மறுநாள் வேறு கலவை, போய்ச் சேருகிற இடம் ஒன்றாக இருந்தால் அதே எண்ணை ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள், அதில் திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. பகல் வெளிச்சத்தில் எல்லா நிறமும் ஓரளவு சமமாக இருப்பதால் இரண்டு கலவையும் ஒன்றுபோலவே தெரிகின்றன, மஞ்சள் பல்பில் சிவப்பு தாராளம், நீலம் பஞ்சம், வருகிற சிவப்பை ஒரு கலவை விழுங்கிக்கொள்கிறது, இன்னொன்று விழுங்காமல் திருப்பி வீசுகிறது, அவ்வளவுதான். ஆக துணி பொய் சொல்லவில்லை, அந்தப் பெண் பொய் சொல்லவில்லை, ஜன்னலும் பொய் சொல்லவில்லை. விளக்கொளியை நம்பக் கூடாது என்று நான்கு வருஷம் பிடிவாதமாக இருந்தாளே, அந்தக் கவனம்தான் கண்ணைக் கட்டியிருக்கிறது, ஜனங்கள் சோபாவில் உட்காருவது விளக்கு போட்ட பிறகுதானே, பகலில் யார் வீட்டில் இருக்கிறார்கள்? அப்போதுதான் அந்த ஓய்வுபெற்ற தபால்காரர் நினைவுக்கு வந்தார். இரண்டு மாதம் முன்பு, 'அம்மா, இரண்டில் டீ கொட்டினாற்போல் தெரிகிறது' என்று மரியாதையாக எழுதியிருந்தார், உங்கள் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்பதைக் கொஞ்சம் நாகரிகமாக அவள் பதில் எழுதினாள், குழுவும் அவள் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது, அதற்கு அவர், 'சரி அம்மா, வயசாகிவிட்டது, இருக்கலாம்' என்று ஒரே வரி... அதைப் படித்துவிட்டு அன்றைக்கு ஜெயித்துவிட்டதாகச் சந்தோஷப்பட்டாளே. ஒருவேளை நிஜமாகவே கண் மருத்துவரிடம் போயிருப்பாரோ? அவருக்கு இப்போது என்ன எழுதுவது? இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை பேர் தங்கள் கண்ணையே சந்தேகித்துக்கொண்டு...

மணி ஐந்தே முக்கால். முதலில் கடிதத்தை எழுதினாள், தளத்தின் பெட்டியில் இல்லை, காகிதத்தில், பேனாவால். 'உங்கள் தங்கை மலிவான பொருளை வாங்கவில்லை. ஆறும் ஒரே நிறம் என்று சொல்லித்தான் விற்றேன், அவர் நம்பி வாங்கினார். பிழை என்னுடையது, அவருடையது இல்லை.' அந்தப் பெண் கேட்டபோது கிறுக்குத்தனமாகத் தோன்றியது, எழுதும்போது இதைவிட நியாயமான கோரிக்கை இருக்க முடியாது என்று தோன்றியது. பிறகு தளத்தில் பதில் தட்டினாள். பொருளையும் பணத்தையும் சேர்த்துத் தர முடியாது. ஒரே ரோலில் வெட்டிய ஆறு புது உறைகள் வெள்ளிக்கிழமை கைக்கு வரும், கடிதமும் அதே பார்சலில் இருக்கும். பழையவற்றைப் பார்சல் கொண்டுவரும் ஆளிடமே கொடுத்தனுப்பினால் போதும், போகவர செலவு கடையுடையது. புது உறையும் பிடிக்கவில்லை என்றால் அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டு முழுப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பெண் ஒத்துக்கொள்வாளா, அக்கா நம்புவாளா, தெரியாது, அனுப்பிவிட்டாள். உள்ளறை வாசலில் நின்று, "கட்டினதை எல்லாம் பிரி" என்றாள். "இருபத்தி மூணு பார்சல் அண்ணி!" "பிரி. நீ ரெண்டு கலர்னு சொல்றது எதுவும் இனிமே வெளியே போகாது." நாத்தனார் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டே, "அப்ப எனக்குச் சம்பளம் ஏறுமா?" என்றாள். அவள் கடைப் பக்கத்திலிருந்த அந்தத் தடித்த எழுத்து வரியை அழித்துவிட்டுப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தாள்: ஒரு செட்டின் ஆறு உறைகளும் ஒரே ரோலில் வெட்டப்படும், கட்டுவதற்கு முன் ஜன்னலில் ஒரு முறை, மஞ்சள் பல்புக்கு அடியில் ஒரு முறை, இரண்டு பேர் பார்ப்பார்கள்.