குளிரில் நின்ற பெட்டி

காசிமாயன் குடித்துவிட்டுச் சைரனை அணைத்துவிட்டான் என்று தேவாரம் ஊர் முழுக்கப் பேசினார்கள். செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்? கார்த்திகை மழைக் குளிரில், மலைச்சரிவுத் தோட்டத்தில் யானை அவனை மிதித்துப் போட்டது. யானை வந்தால் கத்துவதற்கென்றே அங்கே நட்டிருந்த எச்சரிக்கைப் பெட்டி மூச்சுகூட விடவில்லை.

அந்தப் பேச்சுக்கு விதை போட்டவள் ஹுஸ்னா. பெட்டி செய்யும் கம்பெனிக்குப் போடியில் வீட்டிலிருந்தே கணினி நிரல் எழுதுகிறவள். அந்தப் பெட்டி தன் இயக்கத்தை வரி வரியாகக் குறித்துவைக்கும் பதிவு பாதி வரியில் அறுந்திருந்தது. மின்சாரம் போனால் அப்படித்தான் அறும். "யாரோ சுவிட்ச அணைச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு வாக்கியம் கம்பெனி வழியாக ஊருக்குப் போய், சாராய வாடையையும் சேர்த்துக்கொண்டு, காசிமாயன் மனைவி ஜக்கம்மாளின் வாசலில் போய் நின்றது.

மார்கழியில் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்துப் பெட்டியும் அதே மாதிரி நின்றது. அங்கே சுவிட்சைத் தொட ஆளே கிடையாது.

ஹுஸ்னா ஒரு பெட்டியை மொட்டைமாடியில் வைத்து நாளெல்லாம் சோதித்தாள். பேட்டரி மிச்சமாகட்டும் என்று, பெட்டியின் மூளையான சில்லில் வேலை செய்யும் இரண்டு பகுதிகளில், அதாவது கோர்களில், ஒன்று சும்மா இருக்கும்போது அணைந்துவிடும்; கேமராவில் ஏதாவது அசைந்தால் எழும். ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகத்தான் எழுந்தது.

"போடி வெயில்ல எதுதான் ஓடாது? மேல வந்து பாரு, காலையில ஜீப்பே கெளம்ப மாட்டேங்குது" என்றான் அண்ணன் சாதிக். குரங்கணிக்கு ஜீப் ஓட்டுகிறவன்.

அம்மா மைதீன் பீவி திட்டத் திட்ட, கறியை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியை ஃப்ரிட்ஜுக்குள் தள்ளினாள். சில தடவை எழுந்தது. அப்புறம் செத்துப்போனது. பதிவு பாதி வரியில் அறுந்திருந்தது.

மின்னழுத்தத்தை ஏற்றிவிட்டுத்தான் கோரின் வேகத்தை ஏற்ற வேண்டும். ஆனால் அணைந்த கோர், அணைவதற்கு முன் ஓடிய அதே வேகத்தோடு எழுந்தது. மின்னழுத்தத்தையோ அவள் நிரல் அதற்குள் இறக்கி வைத்திருந்தது. டாப் கியரில் மலையேறப் பார்த்த ஜீப்தான். போடி வெயிலில் எப்படியோ தாக்குப்பிடித்தது, குளிரில் முடியாமல் பெட்டியே நின்றுபோனது. அணைக்கும் முன் வேகத்தைக் குறைக்க அவள் எழுதாமல் விட்டது ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு ஒரு ஆள்!

மேலாளர் பிரபுவிடம் போனில் எல்லாவற்றையும் கடகடவென்று விளக்கினாள்.

"பிரமாதம் ஹுஸ்னா. அடுத்த அப்டேட்ல சேர்த்துரு. பழசக் கிளற வேணாம்."

பழசாம். ஆள் செத்து முழுசாக இரண்டு மாதம் ஆகவில்லை. திருத்திய நிரலை எல்லாப் பெட்டிகளுக்கும் அன்றே ஏற்றிவிட்டு, சாதிக்கின் ஜீப்பில் தேவாரம் போனாள்.

ஜக்கம்மாள் வாசலில் உட்கார்ந்து சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தாள் ஹுஸ்னா.

"அக்கா, காசிமாயண்ணே சுவிட்சத் தொடவே இல்ல. பெட்டி தானா நின்னுபோச்சு. அந்தப் பெட்டிக்கு நிரல் எழுதுறவ நான், நான் எழுதுனதுல தப்பு. அவரு மேல பழியப் போட்டதும் நான்தான்."

ஜக்கம்மாள் சுளகைக் கீழே வைத்தாள். ஒப்பாரி வைப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்துதான் ஹுஸ்னா வந்திருந்தாள். ஆனால் ஜக்கம்மாளின் குரலே உயரவில்லை.

"வருசா வருசம் யானைய வெரட்ட வெடி வாங்கி வச்சுக்கிருவாரு. அதான் பொட்டி இருக்குல்லன்னு இந்த வருசம் வாங்கல. குடிய விட்டுட்டேன்னு எந்தலையில அடிச்சு சத்தியம் பண்ணுனாரு. நானும் நம்புனேன். நீங்க சொன்னதக் கேட்டு, செத்த மனுசன நம்பாமப் போயிட்டேன்."

எழுந்து உள்ளே போனாள். அரிசி மூட்டைக்குப் பின்னால், சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த காசிமாயன் படத்தை எடுத்து வந்தாள். மாலை போட்ட தடமே அதில் இல்லை. முந்தானையால் தூசியைத் துடைத்து ஹுஸ்னாவின் மடியில் வைத்தாள்.

"எங்கிட்ட எதுக்கு ஆத்தா சொல்ற? இவருகிட்டச் சொல்லு."

ஹுஸ்னா படத்தை இரு கையாலும் நிமிர்த்திப் பிடித்தாள். "அண்ணே, நீங்க சுவிட்சத் தொடவே இல்ல" என்று ஆரம்பித்தாள்.