டவேராவின் பாஸ் பெட்டியில் ஒரு காற்றுச் சத்தம்

அந்தப் பெட்டி மட்டும் சரியாக அமைந்துவிட்டால் மாரிராஜின் தலையெழுத்தே மாறிவிடும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து ஒன்பது வருஷமாக ஒரகடத்தில் பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கிறவன் அவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மண்ணூர் வாடகை வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையில், பாட்டின் அடித்தொனியை முழங்கவைக்கிற பாஸ் பெட்டிகளைக் கார்களுக்குச் செய்து கொடுப்பான். ஆள் கொஞ்சம் வீம்பு. வேலை என்று வந்துவிட்டால் பொய் கிடையாது.

அவனிடம் பெட்டி கேட்டு வந்தவன் பென்னலூர் சாம்சன். கம்பெனி ஆட்களை ஷிப்டுக்கு ஏற்றி இறக்குகிற டவேரா ஒன்று வைத்திருந்தான். நெடுஞ்சாலை ஓரத்தில் அவன் அப்பா விட்டுப்போன கடை சும்மா பூட்டிக் கிடந்தது.

"மாரிண்ணே, பொட்டி என் மன்சுக்குப் புடிச்சா மாரி வந்துச்சுன்னு வெச்சுக்கோ, கார் ஆடியோ கடையே போட்டுர்லாம். நீயும் நானும் கூட்டு. பிரஸ்ஸுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துரு" என்றான்.

அன்றிலிருந்து மாரிராஜுக்கு வேறு நினைப்பே இல்லை.

மூடின பெட்டி என்றால் அவன் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்துவிடுவான். சாம்சன் கேட்டதோ போர்ட் வைத்த பெட்டி. பெட்டிக்குள் எவ்வளவு காற்று அடங்குகிறது, போர்ட் என்கிற அந்தத் திறப்பு எவ்வளவு அகலம், உள்ளே எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதையெல்லாம் பொறுத்துத்தான் எந்தத் தாழ்ந்த சுருதியில் பெட்டி முழங்கும் என்பது. வாயை அகலமாக வைத்தால் நீளமும் கூட வேண்டும். நீளம் கூடினால் டவேராவின் பின்பக்கத்தில் பெட்டி அடங்காது. மாரிராஜ் யோசித்துப் பார்த்து வாயையும் குறுக்கினான், நீளத்தையும் வெட்டினான். சுருதிக் கணக்கு அச்சாக அதேதான் வந்தது. குறுகின வாயில் காற்று வேகமாகப் பாய்ந்து சீறும் என்பது அவனுக்குத் தெரியாதா? தெரியும். சீறினால் என் காதுக்குத் தெரியாமல் போய்விடுமா என்று நினைத்தான். அங்கேதான் மனுஷன் சறுக்கினான்.

பிரஸ் ஷாப்பில் அவன் காதுக்கு அப்படி ஒரு பெயர். டை என்கிற இரும்பு அச்சு இறங்குகிற சத்தத்தை வைத்தே தகடு கோணலாக உட்கார்ந்திருப்பதைச் சொல்லிவிடுவான். அதைக் கேட்பதற்காகக் கம்பெனி கொடுத்த காதடைப்பானைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது அந்த லைனில் கெட்டிக்காரர்களின் வழக்கம். சூப்பர்வைசரும் கண்டுகொள்வதில்லை. டை உடையாமல் இருந்தால் அவருக்குப் போதும்.

ஞாயிறு காலையில் சாம்சன் வந்தான். பெட்டியை வண்டியில் மாட்டிப் பாட்டைப் போட்டதும் பின்கண்ணாடி அதிர்ந்தது. சாம்சன் முகமெல்லாம் பல். அடுத்த நிமிஷமே முகம் சுருங்கிவிட்டது.

"இருண்ணே. இன்னா அது, புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து வர்து?"

"காத்தா? ஒரு காத்தும் இல்லியே."

"நல்லா கேளுண்ணே. டயர் பஞ்சரான மாரி கீது."

மாரிராஜுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தம்பி, காத வச்சுத்தான் நான் பொழைக்கேன். கொற சொல்லணும்னு சொல்லாத."

சாம்சன் மல்லுக்கு நிற்கவில்லை. "வண்டி இங்கியே கெடக்கட்டும்ணே. நீயே நிதானமா கேட்டுப் பாரு" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான்.

மாரிராஜ் கேட்டான். திரும்பத் திரும்பக் கேட்டான். பாஸ் நெஞ்சுக்கூட்டில் இடித்தது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. போர்ட் வாயில் கையை வைத்தால் மட்டும் காற்று வெட்டிக்கொண்டு வருவது தெரிந்தது. கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி பாண்டிச்செல்வியைக் கூப்பிட்டு வண்டிக்குள் உட்காரவைத்தான்.

"ஏதும் கேக்கா?"

"பாம்பு சீறுத மாதிரி கேக்கே. ஒங்களுக்குக் கேக்கலியா?"

ஸ்பீக்கர் சோதிக்கிற சிடி ஒன்று அவனிடம் இருந்தது. தாழ்ந்த சுருதியில் தொடங்கிப் படிப்படியாக மேலே ஏறும். பெட்டிக்காரனுக்கு முதல் நாலு சத்தமே போதும் என்பதால் அதற்கு மேல் அவன் போனதே இல்லை. இப்போது ஓடவிட்டான். ஹெர்ட்ஸ் கணக்கில் முப்பது, அறுபது, நூறு. ஐந்நூறு, ஆயிரம். இரண்டாயிரம் மெலிந்து வந்தது. அப்புறம் வண்டிக்குள் ஒரே அமைதி.

"சிடி முடிஞ்சிட்டு" என்றான்.

பாண்டிச்செல்வி இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். சிடி கருவியின் திரையில் நொடி ஓடிக்கொண்டேயிருந்தது.

"எங்க முடிஞ்சிது? ஊசியக் கொண்டு குத்துத மாதிரி இருக்கு, நிறுத்துங்க" என்றாள். சொன்னவள் அவன் முகத்தைப் பார்த்ததும் பொத்தின கையை மெல்ல இறக்கினாள்.

அடப்பாவி மனுஷா! பாஸ் கேட்கிறது, டை இறங்குவது கேட்கிறது, அதனால் காது நன்றாக இருக்கிறது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தான். ஒன்பது வருஷமாகப் பிரஸ்ஸின் இரைச்சல் தின்றது சன்னமான சத்தங்களை. அவை போய்விட்டன என்று அவனுக்குச் சொல்ல அவன் காதாலேயே முடியாதே. கையை நீட்டிச் சிடியை நிறுத்தினான்.

பெட்டியைக் கழற்றிக்கொண்டு வண்டியை அன்று மாலையே சாம்சனிடம் சேர்த்துவிட்டு, அந்த வாரம் முழுக்க ஷிப்டு முடிந்து வந்து பெட்டியைப் பிரித்துக் கட்டினான். இம்முறை காதை நம்பவில்லை, கணக்கை நம்பினான். போர்ட் வாயை அகலமாக்கி, நீளத்தை உள்ளேயே ஒரு திருப்பம் திருப்பி அடக்கினான். போர்ட் தின்ற இடத்துக்கு ஈடாகப் பெட்டியை மூன்று அங்குலம் உயர்த்தினான். வண்டியில் நீளத்துக்குத்தான் இடம் இல்லை, உயரத்துக்கு இருந்தது. சனிக்கிழமை சாம்சன் வந்து பெட்டியை எடுத்துப் போனான்.

மறுநாள் பென்னலூர்க் கடை வாசலில் வைத்து டவேராவில் மாட்டினார்கள். பாண்டிச்செல்வியும் கூட வந்திருந்தாள். அவள் கேட்டுவிட்டு, சீறல் இல்லை என்று தலையாட்டினாள். சாம்சன் பாட்டு முடிகிறவரை கண்ணை மூடியிருந்தான்.

"அண்ணே, பின்னிட்டண்ணே! ஒரு பிசிறு இல்ல. இந்தா, கடைச் சாவி. உன் காத நம்பித்தான் எறங்குறேன்."

வாயை மூடிக்கொண்டு வாங்கியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? பாண்டிச்செல்வி சொல்லமாட்டாள். மாரிராஜின் கை சாவி வரைக்கும் போனது.

"தம்பி, அன்னைக்கு நீ சொன்ன சத்தம் எனக்குக் கேக்கல. இன்னைக்கு இருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. சன்னமான சத்தமெல்லாம் எனக்குப் போயிட்டு. பெட்டி செய்வேன், கணக்குத் தப்பாது. காத மட்டும் நம்பாத" என்றான்.

சாம்சன் டவேராவின் பின்கதவைச் சாத்தினான்.

"கடைக்கு வரவன்லாம் இந்த மாரி சின்னச் சத்தத்துக்குத்தாண்ணே சண்டைக்கு வருவான். கேட்டுச் சொல்ல ஆள் வேணுமே. தப்பா நென்ச்சுக்காத" என்றான். சாவி அவன் கைக்குள்ளேயே மடங்கியது. அவன் மேல் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

பைக்கில் திரும்பும்போது பின்னால் உட்கார்ந்திருந்த பாண்டிச்செல்வி ஏதோ சொன்னாள். "ம்" என்றான் மாரிராஜ். கொஞ்ச தூரம் போனதும் அவனுக்கே திக்கென்றது. எதற்கு "ம்" சொன்னோம்? ஓரமாக வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, அவளுக்கு நேராகத் திரும்பி நின்றான்.

"என்ன சொன்ன? எனக்குக் கேக்கல."

அவள் வண்டியிலிருந்து இறங்கினாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"இப்பச் சொன்னது கெடக்கட்டும். போன வருசம் எங்கம்மாவ ஆஸ்பத்திரில சேத்திருக்கு, ஒருநட போயிட்டு வருவமான்னு அடுப்படில நின்னு கேட்டேன். நீங்க ம்னு சொல்லிட்டு, சாப்புட்டுட்டு, ஷிப்டுக்குப் போயிட்டிய. மறுபடி கேக்க ரோசமா இருந்துச்சு. எட்டாம் நாள் செத்த சேதிதான் வந்துச்சு. தெரிஞ்சும் பேசாம இருந்துட்டியன்னுதான் இத்தன நாளும் நெனச்சிட்டிருந்தேன்."

ஒவ்வொரு வார்த்தையாக அவள் உதட்டிலிருந்து அவன் வாங்கிக்கொண்டான். நடுரோடு என்றுகூடப் பார்க்காமல், பைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதான்.