மரப்படியில் ரீப்ளே

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், மிளகு கிட்டங்கிக்குப் பின்னால் இருக்கும் மாடிவீட்டில், முகமது இஸ்மாயில் ராவுத்தர் தினமும் சாயங்கால அஸர் தொழுகை முடிந்த சற்று நேரத்தில் மரப்படியில் வழுக்கி விழுந்து இறந்துபோகிறார். அவரை அடக்கம் செய்து இரண்டு வருஷமாகிறது. தெருவில் இதைப் பற்றி இப்போது பெரிதாகப் பேச்சில்லை. அந்த நேரத்தில் மீன்காரர் கூவாமல் போவார், எதிர்வீட்டுச் சேச்சி மிக்ஸியை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான்.

அவர் தினமும் விழுவதற்குக் காரணம் அவருடைய மகன் அப்ஸலின் வேலை. அப்ஸல் தேசிய விளையாட்டுச் சானலில் ரீப்ளே போடுகிறவன். நாடு முழுவதற்கும் ஒரே டிவி சானல் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் ஹாக்கி, கொஞ்சம் டென்னிஸ் என்று ஆரம்பித்த விஷயம், பிறகு தனிச் சானலாகி, சொந்தமாக வேன்களும் ஒளிபரப்புக் கோபுரங்களும் வாங்கி, கொஞ்ச காலம் ராஜா மாதிரி இருந்தது. அப்புறம் தனியார் சானல்கள் வந்து கிரிக்கெட்டை வாரிச் சுருட்டிக்கொண்டு போயின. மிச்சம் கிடைத்தது கபடி, கோகோ, வள்ளப் போட்டி, பல்கலைக்கழக ஓட்டப் பந்தயம். யாரும் பார்க்காத பந்தயத்தை யாரும் தவறவிட்டுவிடாதபடி காட்டுவது அந்தச் சானலின் கடமையானது. அதைக் குறைவில்லாமல் செய்தார்கள். குறைவாகச் செய்திருந்தால் ராவுத்தருக்கு இந்தக் கதி வந்திருக்காது.

மைதானத்துக்கு வெளியே நிற்கும் வேனுக்குள், ஏசி குளிரில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு, திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதுதான் அப்ஸலின் உத்தியோகம். ஏதோ நடக்கப்போகிறது என்று தோன்றும்போதே கட்டைவிரலால் பட்டனை அமுக்கி ‘இன்’ என்று தொடக்கக் குறி வைக்க வேண்டும். நடந்து முடிந்ததும் ‘அவுட்’. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டதைத்தான் நாடு மறுபடி மெதுவாகப் பார்க்கும். இன் வைத்தவன் அவுட் வைக்காமல் நாற்காலியை விட்டு எழக் கூடாது. அந்த வேனில் அதுதான் முதல் பாடம்.

பல வருஷப் பழக்கத்தில் வீட்டிலும் அந்தக் கட்டைவிரல் சும்மா இருக்கவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அவன் மனைவி ஃபிதா கைதவறிப் போட்ட பீங்கான் தட்டு உடைந்தது. உடனே முழுத் தட்டாகக் காற்றில் தோன்றி, நிதானமாக இறங்கி, இன்னொரு தரம் உடைந்தது. கூட்டியபோது ஒரு தட்டுக்கான சில்லுகள்தான் இருந்தன. ராவுத்தருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். முற்றத்தில் மாங்காய் விழுந்தால் பள்ளிவாசலிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து, “எம் மகன் இதை இன்னொருக்கா விழவெப்பான், பாத்துட்டுப் போங்க” என்பார். மகன் வேலை பார்க்கும் டிவியில் மகன் முகம் ஏன் வருவதில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் மாங்காய்தான் பதில்.

அவர் விழுந்த அன்று அப்ஸல் குவாஹாத்தி கபடிக்குப் போக, கூடத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். மாடியிலிருந்து ராவுத்தர் கேட்டார்: “ஃபிதா, சாயா ஆச்சா மோளே?” எந்நாளும் அவள்தான் மேலே கொண்டுபோய்க் கொடுப்பாள். அன்று அடுப்பில் பழம்பொரி எண்ணெயில் கிடந்தது. “ஆச்சு மாமா, கீழ வாங்க” என்று அடுக்களையிலிருந்தே குரல் கொடுத்துவிட்டாள். அவர் படியில் கால் வைத்தார். கால் வழுக்கியதை அப்ஸல் பார்த்தான். மற்ற விரல்களெல்லாம் பதறுவதற்கு முன்னால் கட்டைவிரல் இன் வைத்துவிட்டது. பிறகு ஓடினான். ஓடியவன் அவுட் வைக்கவில்லை. எந்த மகனும் வைத்திருக்க மாட்டான்.

மறுநாள் அதே நேரத்தில் ராவுத்தர் மறுபடி விழுந்தார். அதற்கடுத்த நாளும் விழுந்தார். பள்ளிவாசல் உஸ்தாத் வந்து படியடியில் உட்கார்ந்து ஓதினார். ஓதிக்கொண்டிருக்கும்போதே ராவுத்தர் விழ வந்ததால் எழுந்து மரியாதையாக வழிவிட்டார். மெத்தை போட்டார்கள். மெத்தைக்குள் புகுந்து தரையில்தான் விழுந்தார்.

அப்ஸல், திருப்பூணித்துறையில் இருக்கும் சானலின் பழைய இன்ஜினியர் வெங்கிடேஸ்வரனைப் போய்ப் பார்த்தான். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “‘இன்’னை வெச்சுட்டு ஓடிட்டே, அல்லே? அவுட் இல்லாத க்ளிப்பை அழிக்க முடியாதுடா. அந்த அவுட்டை அன்னிக்கே வெச்சிருக்கணும்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “வேணும்னா ‘இன்’னைப் பின்னால தள்ளிக்கோ. கோல் விழறதை மட்டும் காட்டப்படாது. பாஸ் குடுத்த எடத்துலேர்ந்து காட்டணும்” என்றார்.

அப்ஸல் தள்ளினான். கொஞ்சம் கொஞ்சமாக அந்த நாளின் விடியல் வரைக்கும் தள்ளினான். இப்போது ராவுத்தர் சுபுஹுத் தொழுகைக்கு எழுந்து கைகால் கழுவி ஒளு எடுத்தார், பேப்பர் படித்தார், பூனையை விரட்டினார், மத்தியானம் மீன்குழம்பைப் புகழ்ந்தார். வீடு மறுபடி வீடானது. ஃபிதா அழுதுகொண்டே சிரித்தாள். சாயங்காலம் அவர் சாயா கேட்டார். அடுக்களையிலிருந்து பதில் வந்தது: “ஆச்சு மாமா, கீழ வாங்க.” ஃபிதா அப்போது கூடத்தில் நின்றிருந்தாள், வாயே திறக்கவில்லை.

அவளை யாரும் ஒரு வார்த்தை குற்றம் சொன்னதில்லை. அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. முந்தி அவர் விழுவது மட்டும் தெரிந்தது, இப்போது கூப்பிட்டது யார் என்பதும் தினமும் காதில் விழுந்தது. மறுநாள் அவர் கேட்பதற்கு முன்னாலேயே சாயாவை மேலே கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டினாள். அவர் அவளுக்கு அப்பால் வாசலைப் பார்த்துச் சாயா கேட்டார். இன்னொரு நாள் அடுக்களைக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். குரல் பூட்டுக்குள்ளிருந்து வந்தது. பாவம், அந்தப் பெண் என்னதான் செய்வாள்.

ஒரு நாள் அப்ஸல் நிறுத்திப் பார்த்தான். ராவுத்தர் ஒரு கால் அந்தரத்தில், ஒரு கை சுவரில், இன்னும் பயம் வராத முகத்தோடு அப்படியே நின்றார். விழவில்லை என்று இருவருக்கும் நிம்மதிதான். மஃரிப் பாங்கு சொன்னார்கள், விளக்கு போட்டார்கள், அவர் நின்றுகொண்டே இருந்தார். சோற்றில் கை வைக்க முடியாமல் ஃபிதா எழுந்துவிட்டாள். “விட்டுடுங்க,” என்றாள். “கால் வலிக்கும் அவருக்கு.” அப்ஸல் விட்டான்.

அன்றைக்கு அவன் சொன்னான்: “‘இன்’னை முன்னுக்குக் கொண்டுவந்துடறேன். உன் கொரல் வராது, விழறது மட்டும்தான் இருக்கும்.” ஃபிதா ஆறிப்போன சோற்றை மூடிவைத்தாள். பிறகு, “வேண்டாம். காலையிலேர்ந்து இருக்கட்டும்” என்றாள்.

அப்ஸல் இப்போது ராஞ்சியில் இருக்கிறான், ஜூனியர் ஹாக்கி. ஃபிதா சாயா போட்டு எடுத்துக்கொண்டு சாயங்காலம் படியடிக்கு வருகிறாள். கிளாஸைத் தரையில் வைக்கிறாள். மேலேயிருந்து, “ஃபிதா, சாயா ஆச்சா மோளே?” என்று கேட்கிறது. அடுக்களையில் அவளுடைய பழைய குரல் எழும்போது அவளும் வாய்திறந்து கூடவே சொல்கிறாள். பெரியவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கும்போது ஆள் இங்கே நிற்க, வெறும் குரலைப் பதில் சொல்ல விடுவது மரியாதை இல்லை என்பது அவள் எண்ணம்.

“ஆச்சு மாமா, கீழ வாங்க.”

கை இரண்டையும் நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அவர் அந்தக் கைகளுக்குள் புகுந்து விழுகிறார். எதிர்வீட்டில் மிக்ஸி மறுபடி ஓட ஆரம்பிக்கிறது. ஃபிதா கிளாஸை எடுத்துக் கழுவிக் கவிழ்க்கிறாள். விடியலில் எழுந்திருப்பவருக்கு இருட்டாக இருக்கக் கூடாதென்று மாடி விளக்கைப் போட்டு வைக்கிறாள்.