சோம்பேறி விரிசல்

ஒரே துணி, ஒரே பிசின், ஒரே அடுப்பு. அப்படியிருந்தும் சோதனைப் பட்டையில் ஆமையாக ஊர்ந்த விரிசல், தம்பியின் பாதத்தில் குதிரையாக ஓடியிருந்தது. ஏன் என்று அக்காவுக்குப் பிடிபடவே இல்லை.

செயற்கைப் பாதங்கள் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவளுக்கு உடைப்பதுதான் உத்தியோகம். பாதம் என்பது, கார்பன் இழைத் துணியைப் பிசினில் ஊறவைத்து, அடுக்கடுக்காக ஒட்டி, சூட்டில் இறுகவைத்த ஒரு வில். அது ஒரேயடியாக முறிவதில்லை. ஒவ்வோர் அடிக்கும் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியப் பார்க்கும். பிரியும் வேகத்தை அளக்கத்தான் ரூலர் மாதிரியான அந்தப் பட்டை. அதன் ஒரு முனையில் மட்டும், நடு அடுக்குகளுக்கிடையே ஒட்டாத பிளாஸ்டிக் தாள் ஒன்றை வைத்திருப்பார்கள். அதுதான் வாய். மெஷின் இரண்டு உதடுகளையும் பிடித்து விநாடிக்கு ஐந்து முறை திறந்து மூடும். பட்டையின் பக்கவாட்டில் வெள்ளை மை பூசி, மில்லிமீட்டர் கோடுகள் போட்டு, விரிசல் எந்தக் கோட்டைத் தாண்டுகிறது என்று அவள் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த வேகத்தை மாடல்காரரிடம் கொடுத்தால், அவர் கம்ப்யூட்டருக்குள் ஒரு பாதம் செய்து நடக்கவிடுவார். அது பிளக்காமல் நாற்பத்தைந்து லட்சம் அடி நடந்தது. தம்பி தபால்காரர். வேலை நாளொன்றுக்கு அந்தக் காலில் ஐயாயிரம் அடி என்றால் மூன்று வருஷம் தாங்க வேண்டும். அவனுக்குப் போட்ட முதல் பாதம் எட்டே மாதத்தில், பத்து லட்சத்தில், ஒரு மாடிப்படியில் பிளந்தது. உள்ளே காற்றுக்குமிழி இருந்திருக்கும் என்று மேலாளர் கோப்பை மூடிவிட்டார். அதே அச்சில் செய்த இரண்டாவது பாதத்துக்கு இப்போது எட்டாவது மாதம்.

காலைத் தபாலோடு தம்பி உள்ளே வந்தான்.

"என்னக்கா, இன்னிக்காவது உன் மெஷின் உண்மையச் சொல்லுச்சா?"

"அது பொய் சொல்லாதுடா."

"அப்போ என் காலுதான் பொய் சொல்லுதா? ரெண்டு நாளா படி ஏறும்போது டிக் டிக்குங்குது. வீட்டுல இனிமே கடிகாரமே வேணாம்னு என் பொண்டாட்டி சிரிக்கிறா."

அக்கா சிரிக்கவில்லை. அடுக்கு பிரியும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது அவளுடையது.

"கழட்டுடா அதை."

"கழட்டிட்டு எதை மாட்டறது, உன் ரூலரையா? மூணு வருஷம் தாங்கும்னு நம்பர் போட்டது நீதானே?"

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மேலாளரிடம் ஓடினாள். "சந்தேகத்த வெச்சு எதையும் நிறுத்த முடியாதும்மா. நம்பர் கொண்டாங்க" என்றார்.

திரும்பி வந்து, ஆத்திரத்தில் பட்டையை மெஷினிலிருந்து பிடுங்கி, இரு கையாலும் பிளந்தாள். சுருக்கென்று விரலில் ஏதோ குத்தியது. பார்த்தால், பிளவின் இரு முகங்களுக்கும் நடுவே முடிமுடியாக இழைகள். உடைந்த முதல் பாதத்தை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். வழுவழுவென்று இருந்தது. ஒரு முடிகூட இல்லை.

பட்டையில் எல்லா அடுக்கும் ஒரே திசை. அழுத்தி இறுக்கும்போது மேலடுக்கு இழைகள் கீழடுக்கு இழைகளுக்குள் புகுந்துகொள்கின்றன, ஒரே பக்கமாக வாரிய தலைமுடி போல. வாய் திறந்தாலும் அவை இரு பக்கத்தையும் பிடித்து இழுக்கும். பாதத்திலோ, விரிசல் ஓடிய இடத்தில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன. புகுந்துகொள்ள வழியில்லை. பிடித்து இழுக்க ஆளில்லை.

மாடல்காரரைக் கூட்டி வந்து காட்டினாள். "சார், நாம விரிசல அளக்கவே இல்ல. அதைக் கட்டிப்போட்ட கயித்த அளந்திருக்கோம்."

மாடல்காரர் கண்ணாடியை மேலே தள்ளினார். "இந்த முடியா? எவ்வளவும்மா தாங்கும்?"

"ஒத்த முடி ஒண்ணுமே தாங்காது சார். இங்க ஆயிரம் இருக்கு."

புதிய பட்டையை மாட்டி ஓடவிட்டார்கள். விரிசல் கொஞ்சம் வளர்ந்ததும் நிறுத்தி, சவர பிளேடைப் பிளவுக்குள் செலுத்தி இழைகளை அறுத்தாள். மறுபடி ஓடவிட்டாள். விரிசல் சரசரவென்று அடுத்த கோட்டைத் தாண்டியது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, கொஞ்சம் மெதுவாகப் போயேன் என்று ஒரு விரிசலிடம் கெஞ்சினாள். அது கேட்கவில்லை. திரும்பத் திரும்ப அறுத்தாள். ஒவ்வொரு முறையும் அதே ஓட்டம். மதியம் மாடல்காரர் புது எண்ணைச் சொன்னார். ஒன்பது லட்சத்து எழுபதாயிரம் அடி.

ஃபோனை எடுத்தாள். "எங்கடா இருக்க?"

"கடைசித் தெரு, நாலாவது மாடி. ஏன்?"

"அங்கேயே உக்காரு. கால கழட்டிக் கையில வெச்சுக்கோ."

"கையில கால வெச்சுக்கிட்டு எப்படிக்கா கீழ இறங்கறது?"

கிடங்கில் இருந்த பாதங்கள் எல்லாமே அதே அச்சு.

"நான் வர்றேன். உக்காருடா, சொல்றேன்ல."

அவன் உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு, சிரிப்பில்லாத குரலில், "இப்ப உக்காரும்போதே டிக்குனுச்சுக்கா" என்றான்.

கிளம்புமுன், மெஷினில் அடுத்து வேலை பார்ப்பவருக்காகச் சோதனைத் தாளில் எழுதினாள்: விரிசல் ஒரு மில்லிமீட்டர் வளர்ந்ததும் மெஷினை நிறுத்தவும். நுனிக்கு மிக அருகில் போகாமல், பின்னால் இருக்கும் இழைகளை எல்லாம் பிளேடால் அறுக்கவும். அறுத்த பிறகு வரும் வேகத்தை மட்டும் மாடலுக்குக் கொடுக்கவும். பாதத்தைப் பிளக்கும்வரை விடாமல், ஏறக்குறைய பாதியிலேயே, ஐந்து லட்சம் அடியில் மாற்றவும்.