கீழ் வரிசைக் கட்டம்

விலாவுக்குள் யாரோ உளி வைத்து அடிப்பது போலிருந்தது. சில்லு மூச்சைப் பாதியிலேயே பிடித்துக்கொண்டு ஒத்திகைத் தரையில் மல்லாந்து கிடந்தாள். முழுதாக இழுத்தால் இடது பக்கம் குத்தியது. நெஞ்சின் மேல் அண்ணனின் வலது கால் இருந்தது.

கல்லுடைக்கிற குடும்பம் அவர்களுடையது. குவாரியில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர்கள் நடனக் குழு வரைக்கும் கூடவே வந்துவிட்டன. அண்ணன் சம்மட்டி, தங்கை சில்லு. "சம்மட்டி விழுந்தா சில்லு தெறிக்கும். சொல்லி வெச்ச மாதிரி பேரு" என்று முதல் நாளே சிரித்தார் மாஸ்டர்.

மாஸ்டர் முழங்கால் கெட்டு ஆடுவதை விட்ட பெண். ஓவியங்களிலிருந்து ஆட்டம் எடுப்பது அவர் வழி. பேனர் வரைகிறவர்கள் சின்னப் படத்தைப் பெரிதாக்குவது போல, படத்தின் மேல் ஸ்கேல் வைத்துக் கட்டம் போடுவார். அதே கட்டங்களைச் சாக்பீஸால் தரையில் பெரிதாகப் போடுவார். படத்தில் முழங்கை எந்தக் கட்டமோ, தரையிலும் அந்தக் கட்டம். ஒரு விரற்கடை நகர்ந்தாலும் பிரம்பு தரையைத் தட்டும்.

இந்த முறை எடுத்த படம், மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிற கோணத்தில் வரைந்தது. ஒரு முற்றம். ஒருத்தி கீழே கிடக்கிறாள், ஒருவன் அவள் நெஞ்சில் மிதித்து நிற்கிறான். தாளின் அடி விளிம்பில் அவனுடைய இன்னொரு கால் கெண்டைச்சதையோடு முடிந்துபோகிறது, அவள் கை முழங்கையோடு முடிந்துபோகிறது. "கைய சவம் மாதிரி விரிச்சுப் போடு" என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். மூன்று மிதி. மூன்றாவதோடு விளக்கு அணையும்.

"அண்ணே, எடைய மத்த காலுக்கு மாத்து. உள்ள ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கு."

"பொய்யா மிதிச்சா பொய்யாத்தான் தெரியும்."

"மிதிக்கற மாதிரி ஆடத்தான் சொன்னாங்க. மிதிக்கச் சொல்லல."

"போய் மாஸ்டர்கிட்ட சொல்லேன். வெளிய ஒருத்தி உன் இடத்துக்கு நாக்கத் தொங்கப்போட்டு உக்காந்திருக்கா."

அது உண்மை. விலா போய்விட்டது என்று வாயைத் திறந்தால் அடுத்த நிமிடம் அந்தக் கட்டத்தில் வேறொருத்தி கிடப்பாள். சில்லு மறுபடியும் ஜல்லி சுமக்கப் போக வேண்டியதுதான். கையை மறுபடி விரித்துப் போட்டாள்.

சம்மட்டியின் வயிற்றெரிச்சல் போஸ்டரில் ஆரம்பித்தது. அதில் தங்கையின் முகம் முழுசாக இருந்தது. அவனுடையது பாதம் மட்டும். "செருப்பு விளம்பரம் மாதிரி இருக்குடா" என்று குழுவில் ஒருவன் சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்துதான் கால் கனத்தது. குதிகாலை முதலில் இறக்கி, பிறகு உடம்பை அதன் மேல் சாய்ப்பான். அது எந்த மாஸ்டரும் கற்றுக்கொடுத்ததில்லை. அப்பன் அம்மாவை அப்படித்தான் மிதிப்பான்.

ஆட்டம், அந்த ஓவியமே மாட்டியிருந்த கண்காட்சிக் கூடத்தில். மதியமே போய்ச் சேர்ந்தார்கள். மூலப் படத்தை அதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. சுவரளவு இருந்தது. சில்லு விலாவைப் பிடித்துக்கொண்டு கீழிருந்து மேலே பார்த்தாள். பிறகு மறுபடியும் கீழே பார்த்தாள்.

"மாஸ்டர், நம்ம தாள்ல ஒரு வரிசை இல்ல."

பிரிண்ட் எடுத்த கடையில் தாள் குட்டையாக இருந்திருக்கிறது. அடி வரிசையை வெட்டிவிட்டிருக்கிறார்கள். அந்த வரிசையில் அவன் ஊன்றி நின்ற கால் இருந்தது. அதன் குதிகாலை அவள் கை சுற்றிப் பிடித்திருந்தது. விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. இன்னும் ஒரு நொடியில் அவன் விழப் போகிறான். அந்த நொடியைத்தான் ஓவியர் வரைந்திருந்தார்.

மாஸ்டருக்கு முகம் செத்துவிட்டது. "இன்னிக்கு பழைய கட்டமே இருக்கட்டும். அடுத்த ஷோவுல பாத்துக்கலாம்."

"படத்துல இருக்கறது படத்தோட இருக்கட்டும்" என்றான் சம்மட்டி. "நீ பொணமா கெட, போதும்."

ஆட்டம் தொடங்கியது. முதல் மிதியில் கண்ணுக்குள் வெள்ளையாகப் பூச்சி பறந்தது. இரண்டாவதில் விலாவுக்குள் ஏதோ 'படக்' என்றது. அது அவள் காதுக்கே கேட்டது. அண்ணனுக்கும் கேட்டிருக்க வேண்டும், குனிந்து பார்த்தான். பார்த்துவிட்டு, மூன்றாவதுக்குக் காலை முன்னைவிட உயரத் தூக்கினான்.

அவன் நின்றது ஒற்றைக் காலில். சில்லு சவமாகக் கிடந்த கையைக் கட்டத்துக்கு வெளியே நீட்டி, அந்தக் குதிகாலைப் பிடித்து, பாறையில் சிக்கிய கடப்பாரையைப் பிடுங்குவது போல வெடுக்கென்று இழுத்தாள்.

தூக்கிய கால் இறங்கவே இல்லை. சம்மட்டி அவளைத் தாண்டிக் குப்புற விழுந்தான். தாடை தரையில் மோதியது. முன்பல் ஒன்று சாக்பீஸ் கோட்டின் மேல் உருண்டு நின்றது. வாயிலிருந்து ரத்தம் கொட்ட, அவன் உடம்பைத் திருப்பி அவள் தலைமுடியைப் பற்றினான். அவள் அவன் காலை விடவில்லை, முறுக்கினாள். விளக்கு அணைந்தது. இருட்டில் கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

பின்னறையில் மாஸ்டர் குதியாய்க் குதித்தார். "இதுதான் ஆட்டம்! நாளைக்கே அடி வரிசையையும் சேத்துப் போடறேன். சில்லு, அந்த இழுப்ப விட்டுடாத."

"விலா ஒடைஞ்சிருக்கு மாஸ்டர்."

"கட்டு போட்டுக்கோ. உன் இடத்த யாருக்கும் தர மாட்டேன்."

மாஸ்டர் வெளியே போனதும் சம்மட்டி வாளியில் ரத்தத்தைத் துப்பினான். நாக்கால் பல் போன இடத்தைத் தடவினான்.

"மூணு மிதி. ரெண்டுதான் ஆச்சு."

"மூணாவது இனிமே மேடையில வராதுண்ணே. படத்துலயே இல்ல."

"மேடைய யாரு கேட்டா? வீட்டுக்குத்தான வரணும் நீ."

ஒரே வீடு, ஒரே அறை, நடுவில் ஒரு சேலைத் திரை. சில்லு பழந்துணியை விலாவைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள், பல்லால் முடிச்சை இழுத்தாள். அண்ணன் வாசலில் அவளுக்காகக் காத்து நின்றான். அவளுக்கு அவன் தர வேண்டிய மிதி இன்னும் ஒன்று பாக்கி.